தீட்டத் தீட்டத் தேய்ந்த பல்

1970களின் நடுப்பகுதி. இரத்மலானையில் ரயில்வே தொழிற்சாலைக்குக் கிட்ட எங்கள் வாடகை வீடு. விடியப்புறம் அப்பா கிணற்றடியில் நிற்பார். இடது உள்ளங்கையில் உமிக்கரி, அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பு. வலக்கை ஆட்காட்டி விரலால் நாலு இழுப்பு, இரண்டு கொப்பளிப்பு. வேலை முடிந்தது. எனக்கும் தங்கச்சிக்கும் கோபால் பற்பொடி. அதன் விளம்பரத்தை இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு, பொடியின் இனிப்பு நாக்கில் படுவதற்கு முன்பே குரல் காதில் வந்துவிடும்.

உமிக்கரியைப் புகழ இதை எழுதவில்லை. அதுவும் சொரசொரப்பானதுதான். அப்பாவின் முன்பற்கள் ஐம்பது வயதில் நன்றாகவே தேய்ந்திருந்தன. ஆனால் அவருடைய முரசு, அதாவது ஈறு, இறங்கவில்லை. என்னுடையது இறங்கிவிட்டது.

1983 ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, விமான நிலையத்து முகாமில் போய் இருந்தோம். தண்ணீர்க் குழாயடியில் நீண்ட வரிசை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, யாரோ ஒரு பற்பசைக் குழாயைக் கொண்டுவந்து ஆளுக்கொரு மிளகளவு விரலில் பிதுக்கி விட்டார்கள். அம்மா அதை வாயில் வைக்கும்போது அழுதா. வீடு எரிந்ததற்கு அழாத அம்மா.

அந்த நாட்களில் என் வாயில் இருந்த நாற்றத்தை நான் மறக்கவில்லை. பிற்காலத்தில் வேலை கிடைத்து, இதே இரத்மலானைக்குத் திரும்பி வந்து, சொந்தமாக ஒரு பேசினும் கண்ணாடியும் வைத்தபோது, நாளுக்கு மூன்று தரம் பல்லுத் தீட்டத் தொடங்கினேன். கடும் மயிர் பிறஷ்தான் வாங்குவேன். மெதுவானது பல்லில் பட்டதாகவே தெரியாது. முழங்கை ஆடும்படி, குறுக்காக, அமத்தி. இரண்டு மாதத்தில் பிறஷின் மயிர் இரு பக்கமும் சாய்ந்து விரிந்துவிடும். காலையில் சுடுதண்ணியில் தேசிக்காய் பிழிந்து குடிக்கும் பழக்கம் வேறு; குடித்த கையோடு பேசினுக்குப் போவேன்.

போன வருடம் குளிர்தண்ணி குடித்தால் இடக்கன்னத்தில் ஊசி ஏறியது. வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியர். என் மகளின் வயதுதான் இருக்கும். சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"ஐயா, எந்தக் கையால தீட்டுறனீங்கள்?"

"வலக்கை."

"அதுதான். இடப்பக்கம் வேட்டைப் பல்லும் அதுக்குப் பக்கத்துப் பல்லும் கூடத் தேய்ஞ்சிருக்கு. நகத்தை வச்சுப் பாருங்கோ."

வைத்தேன். பல்லும் முரசும் சேரும் கழுத்தில் ஒரு வெட்டு. மரத்தில் கோடரி விட்ட கொத்துப் போல, நகம் அதில் போய் நின்றது. முரசு இறங்கினால் வேர் வெளியே வரும். வேரின் மேல் எனாமல் கிடையாது, சீக்கிரம் அரைபடும். உள்ளே இருப்பது நுண்ணிய குழாய்கள் நிறைந்த பகுதி. குளிரும் புளிப்பும் அதன் வழியே நரம்புக்குப் போய்விடும். எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணு இல்லை. போனது வளராது.

தேசிக்காய்த் தண்ணி குடித்த கையோடு தீட்டக்கூடாது என்று அவ சொன்னபோதுதான் எனக்கு அம்மாவின் பித்தளைச் செம்பு நினைவுக்கு வந்தது. முதலில் பழப்புளி பூசி ஊறவிடுவா. பிறகு சாம்பல் தொட்டுத் தேய்ப்பா. புளி மேற்பரப்பை இளக்கும், சாம்பல் அரைத்தெடுக்கும், செம்பு பளபளக்கும். அதே வேலையைத்தான் நான் ஒவ்வொரு காலையும் என் பல்லில் செய்துகொண்டிருந்தேன். செம்புக்குத் தடிப்பு உண்டு, தாங்கும்.

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்ட ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1969இல் ஒஸ்லோவில் படித்த இளைஞர்களையும், 1970இல் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களையும் எடுத்து, வருடக்கணக்காக அவர்களின் வாயைப் பார்த்து வந்தார்கள். பிறஷையும் பல் வைத்தியரையும் அறியாத தோட்டத்துச் சனத்தில், 30 வயதுக்குள் 90 சதவீதமானோருக்கு முரசு இறங்கியிருந்தது. பல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும். அது அழுக்கும் காறையும் செய்த வேலை. ஆனால் ஒழுங்காகப் பல்லுத் தீட்டிய ஒஸ்லோக்காரரிலும் 20 வயதிலேயே 60 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு இறங்கியிருந்தது. அவர்களுக்கு அநேகமாக வெளிப்பக்கத்தில், பிறஷ் போய்வரும் பக்கத்தில் மட்டும். தோட்டத்து மனிதருக்கு ஒரு பிறஷ் கூடக் கொடுக்காமல் விட்டது எனக்கு இப்போதும் வலிக்கிற விஷயம். ஒஸ்லோக்காரரின் முரசு எனக்கு என் வாயைக் காட்டியது.

இப்போது மென்மயிர் பிறஷ். வைத்தியர் காட்டியபடி பென்சில் பிடிப்பது போல மூன்று விரலில் பிடித்து, முரசோரம் சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக. காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். மூன்று விரலில் பிடித்தால் அமத்த முடியாது. அதற்காகத்தான் அந்தப் பிடி. முதல் கிழமை பல்லுத் தீட்டாமல் வெளியே போவது போல அந்தரமாக இருந்தது. நாக்கால் தடவித் தடவிப் பார்த்தேன்.

தேசிக்காய்த் தண்ணியை விட மனமில்லை. குடித்துவிட்டு வெறுந்தண்ணியால் கொப்பளித்து, விறாந்தையில் அரை மணித்தியாலம் இருக்கிறேன். அதற்குள் கோட்டைக்குப் போகும் ரயில் ஒன்று போய்விடும். அப்பாவுக்கு அந்தச் சத்தம் வேலைக்கு வெளிக்கிடும் நேரம். எனக்கு அது எழும்பிப் பேசினுக்குப் போகும் நேரம்.