பெட்டி இங்கே, நகை அங்கே

பழைய நகைப்பெட்டி சேர்ப்பவர்களிடம் நகை இருக்காது. இருக்கிற காசெல்லாம் பெட்டிக்கே போய்விடும். என் வீட்டுக் கூடத்தில் பித்தளைப் பூண் போட்ட ஈட்டி மரப் பெட்டி, பர்மாத் தேக்கில் ஒரு கல்லாப் பெட்டி, மூடியில் மயில் உட்கார்ந்திருக்கும் வெற்றிலைச் செல்லம் என்று கால் வைக்க இடமில்லை. உள்ளே இருப்பதோ ஊக்கு, ரப்பர் பேண்டு, காலாவதியான மாத்திரை அட்டை, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். வீட்டில் உள்ள ஒரே கெட்டிச் சங்கிலி வங்கி லாக்கரில், நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த சிவப்பு ஜிப் பர்சுக்குள் தூங்குகிறது.

என் வீட்டில் மட்டுமா இப்படி? நான் வங்கியில் வேலை பார்த்தவள். கொஞ்ச காலம் லாக்கர் பொறுப்பும் என் தலையில் இருந்தது. வாடிக்கையாளர் உள்ளே என்ன வைக்கிறார் என்று பார்க்கக் கூடாது. எங்கள் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் கையில் கொண்டுவருவது கண்ணில் படாமல் போகுமா? மஞ்சள் பை, முடிச்சுப் போட்ட கைக்குட்டை, பிள்ளைகள் படித்து முடித்த ஜாமெட்ரி பாக்ஸ். பட்டுப்புடவை சரசரக்க வந்த ஒரு பெரியம்மா பெருங்காய டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். அவர் போன பிறகும் லாக்கர் அறை சாம்பார் மணக்கும். மூன்று தலைமுறை நகையும் அதற்குள்தான் என்று அது குலுங்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

லாக்கர் இல்லாத காலத்தில் பெட்டிதான் லாக்கர். அதனால்தான் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். என்னிடம் உள்ள ஈட்டி மரப் பெட்டியை மலபார் பக்கம் நெட்டூர் பெட்டி என்பார்கள். தலச்சேரிக்குப் பக்கத்தில் நெட்டூர் என்று ஊரே இருக்கிறது. மூடி தட்டையாக இருக்காது. கேரளத்து வீட்டுக் கூரை மாதிரி நாலு பக்கமும் சரிந்து, உச்சியில் ஒரு பித்தளைக் கைப்பிடியில் முடியும். மூலைக்கு மூலை பித்தளைத் தகடு, வரிசையாகக் குமிழ் ஆணி. முன்பக்கத் தாழ்ப்பாளுக்கு மேலே மரத்தில் ஒரு சின்னப் பள்ளம். யாரும் செதுக்கியதில்லை. மூடியைத் தூக்கிய கட்டைவிரல்கள் தேய்த்தது. இந்தப் பெட்டியில் நான் காசு கொடுத்தது அந்தப் பள்ளத்துக்குத்தான். மீதி மரம் கொசுறு.

பெட்டிக்கே மரியாதை என்பது புதிதில்லை. பந்தளத்திலிருந்து சபரிமலைக்கு மகரஜோதி சமயத்தில் திருவாபரணப் பெட்டிகளைத் தலையில் சுமந்து நடந்தே கொண்டுபோகிறார்கள். வழி நெடுக ஜனங்கள் கைகூப்புவது மூடிய பெட்டியைப் பார்த்துத்தான். இலங்கையில் கோட்டை ராஜ்யத்து அரசன் புவனேகபாகுவின் கதை இன்னும் வேடிக்கை. தன் பேரன் தர்மபாலன்தான் வாரிசு என்று போர்த்துகீசிய மன்னரிடம் 1540களில் உறுதி வாங்க நினைத்தான். சின்னப் பிள்ளையை அத்தனை தூரம் கப்பலில் அனுப்ப முடியுமா? பிள்ளைக்குப் பதில் பொன்னில் ஒரு சிலை செய்து தூதரோடு லிஸ்பனுக்கு அனுப்பினான். மூன்றாம் ஜான் மன்னர் அந்தச் சிலைக்கு முடிசூட்டினார். ஆளே வராமல் கே.ஒய்.சி. முடிந்த கேஸ் அது. எங்கள் ஆடிட்டர் விட்டிருக்க மாட்டார். நடந்ததையெல்லாம் ஒரு தந்தப் பேழையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாணிக்கமும் நீலமும் பதித்த அந்தப் பேழை இன்று ஜெர்மனியில், மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் யாரும் ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்பதில்லை. என் வீட்டுக்கு வருகிறவர்கள் அதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

தந்தத்தின் மேல் எனக்கு ஆசை இல்லை. விசாகப்பட்டினத்தில் 18ஆம் நூற்றாண்டில் கம்பெனித் துரைமார்களுக்காகத் தந்தத் தகடு போர்த்தி, கீறல் கோலத்தில் கறுப்பு அரக்கைத் தேய்த்துப் பெட்டிகள் செய்தார்கள். படத்தில் பார்த்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் தந்த வியாபாரத்துக்குத் தடை. பிரிட்டனிலும் 2018இல் சட்டம் போட்டு, 2022இல் அமலுக்குக் கொண்டுவந்து, சில விலக்குகள் தவிர மற்றதைத் தடுத்துவிட்டார்கள். ஆக, என் வைராக்கியத்துக்குச் சட்டத்தின் துணையும் உண்டு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு வேறு விஷயம். அங்கே போனால் வைராக்கியம் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிக்கொள்ளும். எனாமல் கூஜா, ரவிவர்மா படம், கதவு நிலை, தூண் என்று செட்டிநாட்டு வீடுகளே தெருவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். பழைய சாமான் வியாபாரத்தில் வயசு என்பது பேச்சுவாக்கில் ஏறுவது. எங்கோ ஒரு கடையில் ஒரு பெட்டியைத் தொட்டேன், “நூறு வருஷம் ஆச்சி” என்றார் கடைக்காரர். தூக்கிப் பார்த்தேன், நூற்றைம்பது ஆனது. விலை கேட்டேன், இருநூறு. திருப்பிப் பார்த்தால் கீல் ஓரத்தில் ஸ்டார் ஸ்க்ரூ! அந்தத் திருகு அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். “இதென்ன அண்ணே?” என்றேன்.

“அது ரிப்பேர்ல போட்டது ஆச்சி.”

“நாலு பக்கமுமா?”

“ரிப்பேர்னா முழுசாப் பண்ணணும்ல?”

அதே பெட்டியை அப்புறம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பார்த்தார்கள். அவர்களுக்கு அதன் வயசு எழுபது. 1972ஆம் வருஷச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. உள்ளூருக்கு ஒரு ஜாதகம், ஏர்போர்ட்டுக்கு ஒரு ஜாதகம். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இரண்டில் எழுபதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே.

வீட்டில் என் மாமியார் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வெளியே. அவருடைய பெட்டி நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பா; உள்ளே ஊசி, நூல், பித்தான். நான் ஊரில் இல்லாத ஒருநாள், பாவம் அழுக்காக இருக்கிறதே என்று வெற்றிலைச் செல்லத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். அந்தக் கறுப்புதான் அத்தை காசு என்றேன். “அப்ப அடுப்படிச் சுவத்தையும் வித்துடு” என்றார்.

ஆனால் நெட்டூர் பெட்டியின் ரகசியத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். உள்ளே வலப்பக்கம் சின்னதாக ஒரு தட்டு. அதன் அடிப்பலகை லேசாக ஆடுகிறது என்று விரலால் நெம்பினார். பலகை நகர்ந்தது. மோகினிக் கதை கேட்ட குழந்தைகள் மாதிரி வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு துண்டு வசம்பும், ஒரே ஒரு திருகாணியும். தோடு இல்லை, திருகாணி மட்டும். ஆசாரியிடம் கொண்டுபோனேன். உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, “செம்புங்க” என்றார். மாமியாருக்கு அது பொருட்டே இல்லை. “இது தொலைஞ்ச அன்னிக்கு அந்த வீட்டு மருமக என்ன பாடு பட்டாளோ” என்று ஒரு வாரம் விசாரப்பட்டார். அவருக்கும் மருமகள் உண்டு என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

இப்போது உறவில் எந்தக் கல்யாணம் வந்தாலும் என் பெட்டிகளுக்கும் அழைப்பு. சீர்த்தட்டு வரிசையில் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம். போனவை குங்குமக் கறையோடும், ஒருமுறை உள்ளே பாதி ஜாங்கிரியோடும் திரும்பி வந்தன. பழைய புத்தி போகுமா? லாக்கர் ரிஜிஸ்தர் போலவே ஒரு நோட்டுப் போட்டேன்: எடுத்த தேதி, நேரம், கையெழுத்து. ரிசர்வ் வங்கி 2022 முதல் கொண்டுவந்த விதியையும் மேலே எழுதி ஒட்டினேன். வங்கியின் கவனக்குறைவால் லாக்கரில் உள்ளது திருடு போனால் வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு. அதுபோல, பெட்டி தொலைந்தால் நூறு மடங்கு இரவல் வாங்கியவர் பொறுப்பு.

ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் என் அக்கா மகள் அதை நின்று நிதானமாகப் படித்தாள்.

“சித்தி, வாடகை எவ்வளவு?”

“உன்கிட்ட வாடகை வாங்குவேனாடி?”

“அப்ப பூஜ்யத்தோட நூறு மடங்கு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நெட்டூர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.