இல்லைன்னு மட்டும் சொல்லிராதீக, மாப்ளே!

மாப்ளே, ராத்திரி சாப்பிடறப்ப மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, "மணிக்கு 25 டாலர் கூலின்னா எங்க ஆஸ்பத்திரிக்குக் கட்டுபடியாகாது மாமா"ன்னு பொலம்புனீக. பொண்ணு குடுத்த வீட்டுல வாயடக்கமா இருக்கணும்னு உங்க அத்தை கண்ணக் காட்டுனா. நானும் ரசத்தக் குடிச்சிட்டு எந்திரிச்சிட்டேன். இப்ப அவ ஒறங்கிட்டா. பக்கத்துல வாங்க, நாலு புத்தி சொல்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கணக்குப் பாக்குற ஆளு இம்புட்டு வெள்ளந்தியாவா இருக்கது? கட்டுபடியாகாதுன்னு வாயத் தொறந்து சொல்றவன் வெவரங்கெட்டவன். எங்கூரு பண்ணையாரு ஒருநாளும் கூலி இல்லைன்னு சொன்னதில்ல. "ஒனக்கில்லாததா, சூடடிச்சு முடியட்டும்"பாரு. முடிஞ்சா, "நெல்லு காயட்டும்". காஞ்சா, "யாவாரி வண்டி வரட்டும்". வண்டி வாரதுக்குள்ள அடுத்த நடவு வந்துரும். அவருதான் பெரிய கெட்டிக்காரருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரிக் கூலிச் சங்கதியக் கேட்டப்பொறவுதான் தெரியுது, அவரு ஒண்ணாங்கிளாஸ்கூடத் தேறமாட்டாரு.

மொதப் புத்தி: கூலி கேக்குறதுக்கு முன்னாடியே நீங்க முந்திக்கிட்டுப் பாராட்டிரணும். 2020-ல கொரோனா வந்தப்ப ஊரே வாசல்ல நின்னு கை தட்டுச்சு. ஆஸ்பத்திரி முன்னாடி "இங்கே வீரர்கள் வேலை செய்கிறார்கள்"னு பெருசா போர்டு வச்சாக. நல்ல ஏற்பாடு. போர்டுக்கு ஒருதரம் செலவழிச்சாப் போதும், கூலின்னா வாராவாரம் அவுக்கணும்.

அந்த வீரருக யாருன்னும் நான் பாத்துட்டேன். பேத்தி பொறந்தன்னைக்கு நீங்க போனும் கையுமா அலையிறீக, எனக்கு வராந்தாவுல ஒக்காந்திருக்கிற வேலை. எதுத்த ரூமு காலியாச்சு. ஒரு அம்மா வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாக. கட்டில் கம்பி, நர்சைக் கூப்பிடுற பொத்தான், அந்தப் பொத்தானோட ஒயரு, டிவி ரிமோட்டு, சாப்பாட்டு மேசைக்கு அடிப்பக்கம்னு ஒண்ணு விடாம தொடச்சாக. தொடச்ச எடத்த ஒத்தி எடுக்கல. மருந்து ஈரம் சில நிமிசம் அப்படியே நிக்கணுமாம், அப்பத்தான் கிருமி சாகுமாம். கடியாரத்தப் பாத்துக்கிட்டே அடுத்த மூலைக்குப் போனாக. நம்ம புள்ளைய எட்டிப் பாத்த டாக்டரு நின்ன நேரத்தவிட அந்த ஈரம் நின்ன நேரம் ஜாஸ்தி மாப்ளே. ரெண்டு பேருக்கும் பில்லு ஒண்ணுதான். அதுல டாக்டரு பேரு இருக்கு, அந்த அம்மா பேரத்தான் காணோம்.

ரெண்டாம் புத்தி: சட்டமே வந்துட்டாலும் பதறாதீக. 2022-ல தொழிற்சங்கத்துக்காரவுக 25 டாலர் கூலி கேட்டுச் சனங்ககிட்டக் கையெழுத்து வாங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமன்றத்துல நீட்டுனாக. மன்றமும் சரின்னு நெறவேத்துச்சு. ஜூலையில மேயர் எரிக் கார்செட்டி கையெழுத்தும் போட்டாரு. ஊருல அப்ப பொதுவான குறைஞ்ச கூலி மணிக்கு 16.04 டாலர். தனியார் ஆஸ்பத்திரியில கூட்டுறவுக, துணி வெளுக்கிறவுக, சமைக்கிறவுக, நோயாளியப் பெரட்டிப் போடுற ஆயாம்மா, வாட்ச்மேன் எல்லாருக்கும் ஆகஸ்டுலருந்து 25. மத்தவனா இருந்தா ஒப்பாரி வச்சிருப்பான். ஆஸ்பத்திரி மொதலாளிக என்ன செஞ்சாக? அவுகளும் கையெழுத்து வாங்கக் கெளம்பிட்டாக! "ஊரு சனம் ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும், அதுவரைக்கும் நிறுத்து"ன்னு மனு. சட்டம் நின்னுபோச்சு. ஓட்டு எப்ப? 2024 மார்ச்சுலன்னு நாள் குறிச்சாக. டவுனி, லாங் பீச், மாண்டெரி பார்க்னு சுத்துப்பட்டு ஊருகள்லயும் இதே வித்தைதான். கூலியக் கொண்டாரவும் சனங்க கையெழுத்து, நிறுத்தவும் சனங்க கையெழுத்து. சனநாயகத்துல ரெண்டு பக்கமும் மை செலவுதான்.

மூணாம் புத்தி: எதுத்துப் பேசையில கஞ்சன் மாதிரி பேசப்படாது, தர்மராசா மாதிரி பேசணும். அந்தச் சட்டம் தனியார் ஆஸ்பத்திரிக்கும் அது மாதிரி தனியார் எடங்களுக்கும் மட்டுந்தான். கவுண்டி, அதான் நம்ம மாவட்டம் மாதிரி, அந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கெடையாது, ஏழைபாழைக்கான சமூகக் கிளினிக்குக்கும் கெடையாது. இந்த ஓட்டையப் போட்டுக் குடுத்ததே சங்கத்துக்காரவுகதான், அவுகளையும் லேசுல விடப்படாது. உடனே உங்காளுக, "ஒரே வேலைக்கு ஒருத்தருக்கு 25, இன்னொருத்தருக்கு இல்லையா? இது சமமில்லாத கூலி"ன்னு கண்ணீர் விட்டாக. நெசந்தானே? அதுக்கு அவுக கண்டுபிடிச்ச வைத்தியந்தான் அழகு. எல்லாருக்கும் குடுன்னு கேக்கல. யாருக்கும் வேண்டாம்னாக. சமமாயிருச்சுல்ல?

அதுவும் பாதி பலிச்சுது பாருங்க. 2022 நவம்பர்ல இதே லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில ரெண்டு ஊருல ஓட்டு. இங்கிள்வுட்டுக்காரவுக 25 டாலர் வேணும்னாக, டுவார்ட்டேக்காரவுக வேண்டாம்னாக. ஒரே வெயிலு, ஒரே வாடகை, ஒரே காய்ச்சல். கூலி மட்டும் ஊருக்கு ஊரு வேற.

நாலாம் புத்திதான் ஒசத்தி, காதக் குடுங்க. உங்கள்ல நெசமாவே இடுப்பொடிஞ்ச ஆஸ்பத்திரிக இருக்கு. பட்டிக்காட்டுல தனியா நிக்கிறது, மெடி-கால்ங்கிற சர்க்கார் காப்பீட்டு அட்டையோட வாற ஏழைகளையே பாக்குறது. சர்க்கார் குடுக்கிற கட்டணந்தான் அவுகளுக்கு வருமானம், செலவு ஏறுச்சுன்னு அவுகளா வெலைய ஏத்த முடியாது. அவுக "தாங்காது"ன்னா அது பொய்யில்ல. அதனால கூட்டம்னு வந்தா அவுகள முன் வரிசையில ஒக்கார வைங்க. பத்து மாடி கட்டி, பளிங்கு பதிச்ச பெரிய ஆஸ்பத்திரிக எல்லாம் பின்னாடி வரிசையில குனிஞ்சு ஒக்காருங்க. அவுக இருமுற இருமலு உங்களுக்கும் சேத்துக் கேக்கும். நகரமன்றத்துக்கு மனசு எளகும். இல்லாதவுகளுக்குச் சர்க்கார் கை குடுக்கட்டும், இருக்கிறவுக கூலி குடுக்கட்டும்னு எவனாச்சும் பிரிச்சுப் பேசுனா, அந்தாளக் கூட்டத்துக்கே கூப்பிடாதீக.

அஞ்சாம் புத்தி: தப்பிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சா, சண்டையவே மேல கொண்டு போயி ராஜியாயிருங்க. மாநில செனட்டர் மரியா எலெனா துராசோ கொண்டாந்த சட்டத்துல 2023 அக்டோபர் 13-ல கவர்னர் நியூசம் கையெழுத்துப் போட்டாரு. கலிபோர்னியா மொத்தத்துக்கும் 25 டாலர். சங்கத்துக்காரவுக ஆடிப்பாடுனாக, ஆஸ்பத்திரிக்காரவுகளும் எதுப்ப விட்டுட்டாக. ரெண்டு பேரும் ஒண்ணாச் சிரிக்காகன்னா அடியில என்னன்னு புரட்டிப் பாக்கணும் மாப்ளே. பாத்தேன். 2034 பொறக்கிற வரைக்கும் எந்த ஊரு நகரமன்றமும் ஆஸ்பத்திரிக் கூலியத் தனியா ஏத்தப்படாது. ஊருக்கு ஊரு மல்லுக்கட்ட வேண்டிய தொல்லை ஒரே கையெழுத்துல போச்சு. 25-ம் ஒரேயடியா இல்ல. 10,000 பேரு, அதுக்கு மேல வேலை செய்ற பெரிய எடத்துல மொத 23, அடுத்து 24, 2026 ஜூலையில 25. பட்டிக்காட்டு ஆஸ்பத்திரியில 18-ல ஆரம்பிச்சு, வருசத்துக்கு 3.5 சதவீதம் ஏறி, 25-ஐத் தொட 2033 ஆயிரும். அதுக்குள்ள 25 டாலருக்கு என்ன வாங்கலாம்னு நீங்கதான் கணக்குப் போடணும்.

அந்தச் சட்டமாச்சும் சொன்ன தேதியில வந்துச்சாங்கீகளா? 2024 ஜூன் 1-ன்னாக. சர்க்கார் கசானாவுல துண்டு விழுந்துச்சு, ஜூலை 1-க்குத் தள்ளுனாக. அப்புறம் தேதியே இல்ல! சர்க்காருக்கு எதிர்பார்த்ததுக்கு மேல 3 சதவீதம் வருமானம் வரணும், இல்லாட்டி ஒரு இலாகா "தகவல் திரட்ட ஆரம்பிச்சிட்டோம்"னு சட்டசபைக்குக் கடுதாசி போடணும், போட்டு 15 நாள்ல கூலி ஏறும்னாக. வருமானமும் வேண்டியதில்ல, திரட்டி முடிக்கவும் வேண்டியதில்ல, ஆரம்பிச்சோம்னு ஒரு கடுதாசி போதும். அந்தக் கடுதாசி வந்து அக்டோபர் 16-லதான் கூலி ஏறுச்சு. இதே மாநிலத்துல பெரிய கம்பெனிக் கடைகள்ல பர்கர் சுடுறவுகளுக்கு அந்த ஏப்ரல்லயே 20 டாலர் வந்துருச்சு. பட்டிக்காட்டு ஆஸ்பத்திரியில ரத்தம் தொடைக்கிறவுகளுக்கு அக்டோபர்ல 18. பர்கர் ஆறிப்போகும்லா, அவசரம். நோயாளி காத்திருப்பாரு.

இப்ப உங்க பாசையில பேசறேன். ஒருத்தருக்கு மணிக்கு 20 டாலர் வருதுன்னு வைங்க. 25 ஆனா, எட்டு மணி நேரத்துக்கு 40 டாலர் கூட. வாரத்துக்கு 200, வருசத்துக்கு 10,400. லாஸ் ஏஞ்சல்ஸ்ல சட்டம் நின்ன 2022 ஆகஸ்டுலருந்து 2024 அக்டோபர் வரைக்கும் ரெண்டு வருசம் ரெண்டு மாசம். ஒரு ஆளுக்கு 22,000 டாலருக்கு மேல. ஒரு ஆஸ்பத்திரியில இப்படி எத்தனை பேருன்னு உங்க கம்ப்யூட்டர்ல தட்டிக்கங்க. கூலியக் கொறைக்கல, குடுக்கமாட்டேங்கல, நாள மட்டும் நவத்துனாக. நம்மூரு சர்க்கார் உத்தியோகத்துல சம்பள உசத்தி தாமசமானா அரியர்ஸுன்னு பேசுவாக. இங்க தள்ளுன நாளுக்கு ஒத்தச் சல்லி பாக்கி கெடையாது. தள்ளுறது அப்படியே லாபம். இதத் தெரிஞ்சுக்கிட்டும் கட்டுபடியாகாதுன்னு அழுதா உங்கள எப்படி மாப்ளே நான் கணக்குல கெட்டின்னு ஊருல சொல்லுவேன்?

என்ன முழிக்கீக? மாமன் யாரு பக்கம்னு ரோசனையா? மருமகன் சோத்தத் திங்கையில நான் உங்க பக்கந்தான். ஆனா வேற மாநிலத்துல எந்த ஊராச்சும் இப்படிச் சட்டம் போட ரோசிச்சா, அந்த ஊருக்காரவுகளுக்குச் சொல்லவும் ஒரு புத்தி மிச்சம் வச்சிருக்கேன். 25-ஆ 23-ஆன்னு விடிய விடிய மல்லுக்கட்டாதீக. தேதியப் போட்டுட்டு அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி எழுதுங்க: எந்தக் காரணத்தால எத்தனை நாள் தள்ளுனாலும், தள்ளுன நாளுக்கெல்லாம் வட்டியோட கூலி. அப்புறம் பாருங்க, கையெழுத்து வேட்டையும் இருக்காது, கடுதாசிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கட்டுபடியாகாதுன்னு சொன்ன கணக்குப் பிள்ளையே மொத ஆளா ஓடியாந்து, "நாளைக்கே ஆரம்பிச்சிருவோம், தள்ளுனா நட்டம்"பாரு.