ஜனாதிபதி ஆவணும்னா மொதல்ல கால்வாயப் பாரு

இன்னாடி கண்ணு, கவுன்சிலருக்கு நிக்கப் போறியாமே? டீக்கடைக்காரனுக்குத் தெரியுது, ஐஸ் வண்டிக்காரனுக்குத் தெரியுது, ஆயாவுக்கு மட்டும் கடைசில சேதி. சரி, அந்த மீன் கூடைய ஓரமா தள்ளிட்டு குந்து.

போன வாரம் ஜனாதிபதி அம்மா படத்த காட்டி, "ஒரு பழங்குடிப் பொம்பள கவுன்சிலர்லேர்ந்து டெல்லி வரைக்கும் போச்சு, நான் போவக் கூடாதா ஆயா"ன்னு கேட்ட. தாராளமா போ. ஜனாதிபதிக்கு 35 வயசு ஆவணும், கவுன்சிலருக்கு 21 போதும். ஒனக்கு 24 ஆவுது. டெல்லிக்கு இன்னும் 11 வருசம் கீது. அதுக்குள்ள நம்ம தெரு கால்வாய தூர் வாரிடு, டெல்லிக்காரனே வந்து கூப்புடுவான்.

சிரிக்காத. அந்தம்மா திரௌபதி முர்மு அப்டித்தான் ஆரம்பிச்சுது. ஒடிசாவுல மயூர்பஞ்ச் ஜில்லா, உபர்பேடான்னு ஒரு ஊரு. சந்தால் ஜனம். அப்பா, தாத்தா ரெண்டு பேரும் ஊருக்குத் தலைவருங்க. 1958ல பொறந்துச்சு. அந்த ஊர்லேர்ந்து காலேஜ் படி ஏறுன மொதப் பொண்ணு அது. பாசனத் துறைல கிளார்க்கா இருந்துச்சு, அப்பால வாத்தியாரம்மா. 1997ல ராய்ரங்பூர் நகர் பஞ்சாயத்துல கவுன்சிலர் ஆச்சு. கால்வாய் வார்றப்போ, குப்பை அள்றப்போ, வெயில்ல கூடவே நிக்கும்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. நீ நிப்பியா? மொகத்துக்குப் பூசறதே மூணு தினுசு வச்சிருக்க, வெயிலு பட்டா இன்னாத்துக்கு ஆவும்?

அப்பால 2000, 2004ன்னு ரெண்டு தபா எம்.எல்.ஏ. மந்திரியும் ஆச்சு. மொதல்ல போக்குவரத்து, அப்பால மீன்வளம். மீனு மந்திரி! அந்த இலாகாவ ஒங்கிட்ட குடுத்தா சங்கராவுக்கும் சீலாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆபீசருங்க கதி இன்னா ஆவும்னு நெனச்சுப் பாத்தேன், பாவமா இருந்துச்சு.

ஏறிக்கினே போச்சுன்னு நெனைக்காத. 2009ல எம்.பி.க்கு நின்னு தோத்துச்சு. அதுக்கப்புறம் சில வருசத்துக்குள்ள ரெண்டு ஆம்பளப் புள்ளைங்களும் போச்சு, புருஷனும் போயிட்டாரு. அத்தப் பத்தி நான் கேலி பேச மாட்டேன். 2015ல ஜார்க்கண்டுக்கு கவர்னரா அனுப்புனாங்க. 2022 ஜூலை 25, ஜனாதிபதி. வார்டுலேர்ந்து அந்த 340 ரூம்பு மாளிகைக்குப் போவ 25 வருசம் ஆயிருக்கு. நீ நோட்டீஸ் அடிச்ச ஒடனே மேயர் நாற்காலி அளவு கேக்குற.

நம்ம ஊரு கட்சிக் கணக்கும் கேளு. அந்த ஜனாதிபதி எலெக்‌ஷன்ல இங்க அப்ப ஆண்ட தி.மு.க., எதிர்க்கட்சிங்க நிறுத்துன யஷ்வந்த் சின்ஹா பக்கம், அ.தி.மு.க. அந்தம்மா பக்கம். சமூக நீதி எந்தப் பொட்டில விழுந்துச்சுன்னு ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு கதை சொன்னாங்க. நான் ரெண்டையும் கேட்டுட்டு எறா உரிச்சேன்.

இத்தக் கேளு. அந்தம்மா பேர அறிவிச்சப்பத்தான், அது பொறந்த ஊர்ல டுங்குர்சாஹின்ற பகுதிக்குக் கரண்ட் கம்பம் நட ஓடுனாங்க. எம்.எல்.ஏ.வா இருந்தப்ப வரல, மந்திரியா இருந்தப்ப வரல, கவர்னர் ஆயியும் வரல. அதனால ஒங்கிட்ட கேட்டுக்கறது ஒண்ணுதான். நம்ம முனை லைட்டு எரியறதுக்கு நீ ஜனாதிபதி ஆவற வரைக்கும் எங்கள காக்க வைக்காத. எனுக்கு அவ்ளோ ஆயுசு கெடையாது.

நாற்காலி கெடச்சாலும் நம்மள வாசல்ல நிக்க வைப்பாங்க கண்ணு. 2023 மே மாசம் புது பார்லிமெண்ட் தொறந்தாங்க. பிரதமர் தொறந்தாரு. நம்ம ஊரு ஆதீனங்க எடுத்துக் குடுத்த செங்கோலு உள்ள போச்சு. நாட்டுக்கே மொதக் குடிமகன்னு சொல்ற அந்தம்மா போவல, வாழ்த்துச் செய்திதான் போச்சு. கோலுக்கு எடம் கீது, ஆளுக்கு இல்ல.

அப்போ அந்தம்மா வெறும் படமான்னு கேப்ப. அதான் இல்ல. ஜார்க்கண்டுல ஆதிவாசிங்க நெலத்தக் காப்பாத்துற சட்டம் ரெண்டு கீது, ஒண்ணு 1908, இன்னொண்ணு 1949. அத்த லேசா தளத்தி, நெலத்த வேற காரியத்துக்கும் திருப்பலாம்னு 2016ல சட்டசபைல திருத்தம் போட்டாங்க. ஜனம் தெருவுக்கு வந்துச்சு. கவர்னரா இருந்த அந்தம்மா கையெழுத்து போடாம 2017ல பேப்பர திருப்பி அனுப்பிச்சு. யாரோட ஆட்சி? அந்தம்மாவோட சொந்தக் கட்சி ஆட்சி. அந்தம்மா போட்ட கையெழுத்து எத்தினியோ இருக்கும், என் கணக்குல பெருசு அன்னிக்கு போடாத அந்த ஒண்ணுதான்.

போட்டதுலயும் ஒண்ணு சொல்றேன். பார்லிமெண்ட்லயும் சட்டசபைலயும் பொம்பளைங்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு 2023 செப்டம்பர்ல கையெழுத்து போட்டுச்சு. ஆனா ஜனத்தொகை எடுத்து, தொகுதி பிரிச்சு, அப்பாலதான் நடப்புக்கு வரும்னு சட்டத்துலயே எழுதி வச்சுட்டாங்க. நாளு குறிக்காத கல்யாணப் பத்திரிகை.

நம்ம கழிமுகத்துல இருளர் பழங்குடிப் பொம்பளைங்க முட்டளவு சேத்துல கைய விட்டுத் தடவி எறா புடிப்பாங்களே, அவங்களுக்கு எத்தினி எம்.பி. சீட்டு தெரியுமா? நாடு முழுக்க பழங்குடிக்கு ஒதுக்குனது 47. தமிழ்நாட்டுல ஒண்ணுகூட இல்ல. எம்.எல்.ஏ. சீட்டு ரெண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். ரெண்டும் மலைப்பக்கம். சேத்துப்பக்கம் எவனும் எட்டிப் பாக்கல. வெள்ளத்தோட கம்பெனி எண்ணெய் கழிமுகத்துல வந்து மெதந்தப்ப அவங்க கைதான் மொதல்ல கறுத்துச்சு. நீ ஜெயிச்சா மொதல்ல அங்க போ. அவங்க ஓட்டு ஒன் வார்டுல இல்லன்னு மட்டும் சொல்லாத.

ஒனக்கு வழி இல்லன்னு சொல்ல வரல. நம்ம கத்திவாக்கம் தனி நகராட்சியா இருந்துச்சு, 2011ல மெட்ராஸ் கார்ப்பரேஷனோட சேத்தாங்க. இப்ப மொத்தம் 200 வார்டு, பாதி பொம்பளைங்களுக்கு. 2022ல வடசென்னைப் பொண்ணு பிரியா 28 வயசுல மேயர் ஆச்சு, அந்த நாற்காலில மொத தலித் பொம்பள. உரக் கம்பெனிலேர்ந்து அமோனியா வாடை அடிச்ச அந்த ராத்திரி புள்ளைங்கள இஸ்துகினு ஓடுன நீ, விடிஞ்சதும் திரும்பி வந்து ரோட்ல குந்துனியே, அன்னிக்கே நான் ஒனக்கு ஓட்டு போட்டாச்சு.

எனுக்கு பயம் வேற. ஒன் புருஷன் இப்பவே வெள்ள வேட்டி, வெள்ள சட்டை ரெண்டு ஜோடி எடுத்துட்டானாம். நிக்கறது நீ, வேட்டி அவனுக்கு! நாளைக்கு ஆபீஸ்ல அவன் குந்துவான், நீ டீ கொண்டாருவ. லெட்டர் பேடு, சீல், பேனா மூணும் ஒன் முந்தானைலயே இருக்கட்டும். எவன் பேப்பர் நீட்டுனாலும், சொந்தக் கட்சிக்காரனா இருந்தாலும், "படிச்சுட்டு சொல்றேன்"னு சொல்லிப் பழகு.

மொதல்ல ஆபீஸுக்குப் போயி, ஓட்டர் லிஸ்டுல ஒம்பேரு நம்ம வார்டுல கீதா, கல்யாணத்தோட வேற எங்கயாவது போயிடுச்சான்னு பாத்துட்டு வா. போற வழில ஒன் புருஷன்கிட்ட ஆயா சொன்னேன்னு சொல்லு, பில்லு இருந்தா வேட்டிய கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான்.