எண்ணெய்த் தேர்வியல்: எம்.ஜி.பி. காரை முன்வைத்து ஓர் ஆய்வு

வாகன எண்ணெய்த் தேர்வியல் என்பது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் என்ஜினுக்குள் ஊற்றப்பட வேண்டிய நாலேகால் லிட்டர் எண்ணெய் எது என்பதை, அக்காரின் உரிமையாளர் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தும் ஒரு முடிவுக்கு வராதிருக்கும் துறையாகும். இத்துறைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை இருக்கை அமைத்ததாகத் தெரியவில்லை. எனினும் மூலநூல், அதற்கு உரை, உரைக்கு விளக்கவுரை, பாடபேதம், பூர்வபட்சம், கண்டனம் என ஒரு சாத்திரத்துக்கு வேண்டிய அங்கங்கள் அனைத்தும் இதற்கு வாய்த்திருப்பதையும், இதனைக் கற்றோர் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாதிருப்பதற்குப் போதிய காரணங்களும் இதற்குள்ளேயே கிடைப்பதையும் நோக்கும்போது, கல்விப்புலம் இதனைப் புறக்கணித்தது முறையன்று.

ஆய்வெல்லை கருதி இக்கட்டுரை எம்.ஜி.பி. என்னும் ஒரே காரை எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட, துணிக்கூரை வகையில் இருவர் அமரத்தக்கதும் மழை வந்தால் இருவரும் நனையத்தக்கதுமான இக்கார், அரிய பொருளாக இல்லாமல் எளிதில் கிடைப்பதாலும், அதன் உரிமையாளர்கள் பெரும்பாலும் தாமே ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களாக இருப்பதாலும், கருத்து வேறுபாட்டுக்கு மிகவும் ஏற்ற களமாகும். அதன் என்ஜின் வார்ப்பிரும்பாலான நான்கு சிலிண்டர் பி-சீரிஸ் வகை, கொள்ளளவு 1798 சி.சி. இதே குடும்பத்தில் பிறந்த 1489 சி.சி. என்ஜின் அம்பாசடர் காரில் பல்லாண்டு ஓடியது என்பதால், எம்.ஜி.பி.யைக் கண்ணால் கண்டிராத தமிழ் வாசகரும் அதன் பங்காளியின் பின்னிருக்கையில் நெருக்கியடித்து அமர்ந்து கல்யாணத்துக்குப் போயிருக்கக்கூடும். ‘பழைய’ என்னும் அடைமொழிக்கு வரையறை வேண்டுவோர் பிரிட்டிஷ் அரசின் விதியைக் கொள்க: கட்டப்பட்டு 40 ஆண்டு கடந்த காருக்கு அங்கே வாகன வரி கிடையாது. அவ்வாறு மிச்சமாகும் பணம் எவ்வழியில் செலவாகிறது என்பதே இனி வரும் பகுதி.

முதற்கண் கலைச்சொல் விளக்கம். எண்ணெய் டப்பாவின் மேல் 20டபிள்யூ-50 என்றும் 10டபிள்யூ-30 என்றும் அச்சிடப்பட்டிருக்கும் குறியீடு, அமெரிக்காவில் தோன்றிய வாகனப் பொறியாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ. வகுத்த தர வரிசையைச் சார்ந்தது. அவ்வரிசையின் முதல் வடிவம் 1911-இல் வெளிவந்தது. ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறுத்தால், குளிரில் என்ஜினைக் கிளப்பும்போது எண்ணெய் அவ்வளவுக்கு இளகிக் கொடுக்கும் என்பது பொருள். 20டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் வைத்துச் சோதிப்பர், 5டபிள்யூ எண்ணெயை 30 டிகிரியில். பின்னுள்ள எண், என்ஜின் சூடேறிய நிலையில், அதாவது 100 டிகிரி செல்சியஸில், எண்ணெயின் பாகுநிலையை, எளிய தமிழில் சொன்னால் ஒழுக மறுக்கும் பிடிவாதத்தைக் காட்டும்: 40 எனில் 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து 16.3-க்குள், 50 எனில் 16.3-லிருந்து 21.9-க்குள். இரு எண்களுக்கும் நடுவிலுள்ள சிறுகோடு கழித்தல் குறியன்று. இருபதில் ஐம்பது போகாது என்று பக்கத்தில் கடன் வாங்கத் தலைப்படுவோர் இச்சாத்திரத்துக்கு அதிகாரிகள் ஆகார்.

ஒரே எண்ணெய் குளிரில் 20 ஆகவும் சூட்டில் 50 ஆகவும் நடப்பது எங்ஙனம் எனின், அதில் கலந்துள்ள நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் குளிரில் சுருண்டும் சூட்டில் விரிந்தும் நிற்பதால் என்க. ஓட ஓட இச்சங்கிலிகள் அறுபடும்; அறுபட்டபின், டப்பாவில் 50 என்று வாங்கியது என்ஜினுக்குள் 40 ஆகி நிற்பதும் உண்டு. நாற்பதா ஐம்பதா என்று பொருது பிரிந்த நண்பர்கள் இருவர் ஆண்டிறுதியில் வடித்து எடுத்த எண்ணெயை ஒரே தட்டில் ஊற்றிப் பார்த்திருந்தால் சமாதானம் ஆகியிருப்பர்.

இனி மூலநூல். காரோடு சேர்த்துத் தரப்பட்ட ஓட்டுநர் கையேடே இத்துறையின் சூத்திரம். சூத்திரத்துக்கு அழகு சுருக்கம் என்பதால், எண்ணெய் பற்றி அது சொல்வது ஓர் அட்டவணையோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் தொடக்கக் காலப் பதிப்புகளில் எஸ்.ஏ.இ. 30 போன்ற ஒற்றைத் தர எண்ணெய்கள் மிகுந்திருக்க, பிந்தியவற்றில் 20டபிள்யூ-50 அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைப் பாடபேதம் என்று கொள்வதா, நூலாசிரியரே செய்த திருத்தம் என்று கொள்வதா என்ற வினா எழுந்ததும் உரையாசிரியர்களுக்கு வழி பிறந்தது. முதற்பதிப்பே மெய்ப்பாடம், கட்டியவன் அறியாததை ஓட்டுபவன் அறிவானோ என்பர் ஒருசாரார். முதற்பதிப்பு அச்சேறிய நாளில் பல்தர எண்ணெய் பரவலாகப் புழங்கவில்லை, புழங்கியிருந்தால் அதையே எழுதியிருப்பர் என்பர் மறுசாரார். இவர்கள் கூற்றே பொருந்தும். மூன்றாம் சாரார் கையேட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. மிக விரிவான உரை அவர்களுடையது.

சமயப் பிரிவுகளுள் தலையாயவை இரண்டு. காஸ்ட்ரால் மரபு, சார்ல்ஸ் வேக்ஃபீல்டு 1899-இல் தொடங்கிய நிறுவனத்தில் முளைத்தது. ஆமணக்கு எண்ணெய் சேர்த்துச் செய்ததால் அப்பெயர் பெற்றது. அம்மரபின் காஸ்ட்ரால் ஆர் என்னும் பந்தய எண்ணெய் எரிகையில் எழும் மணத்தைப் பந்தயத்திடல் சென்ற முதியோர் இன்றும் உருகி உருகிப் பேசுவர். நம்மவர் ஒன்றை நுணுகித் தேடும்போது கண்ணில் விட்டுக்கொள்ளும் விளக்கெண்ணெயை அவர்கள் என்ஜினில் விட்டுக்கொண்டு விரைந்தனர். டக்கம்ஸ் மரபும் அதே 1899-இல் அலெக்சாண்டர் டக்கம் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. மினி காரில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய் என்றாகி, பற்சக்கரங்கள் மேற்சொன்ன சங்கிலி மூலக்கூறுகளைக் கடித்துத் துண்டாக்கத் தொடங்கியபோது, அதற்கு ஈடுகொடுக்க வந்தது அம்மரபின் பச்சை நிற 20டபிள்யூ-50. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்ற பிணக்குக்குச் சற்றும் குறையாத உக்கிரத்தோடு இவ்விரு மரபினரும் பொருதுகொண்டிருக்கையில், பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் 1969-இல் டக்கம்ஸையும் 2000-இல் காஸ்ட்ராலையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. சண்டை தொய்வின்றித் தொடர்ந்தது.

இவை யாவும் புறச்சமய வழக்குகள். அகச்சமயத்தின் உயிர்நாடி துத்தநாக விசாரத்தில் உள்ளது; இங்கே மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே இரும்பு உண்மையாகவே தேய்கிறது. பி-சீரிஸ் என்ஜினில் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் தலையின் மேல் இராமல் பிளாக்கின் வயிற்றுக்குள் கிடக்கிறது. அதன் முட்டை வடிவப் புடைப்பு ஒவ்வொன்றும் டாப்பெட் என்னும் சிறு கிண்ணத்தின் அடிப்பாகத்தில் உரசிக்கொண்டே அதை மேலே தூக்க, டாப்பெட் தள்ளுகோலையும், தள்ளுகோல் ராக்கரையும், ராக்கர் வால்வையும் அசைக்கின்றன. பிற்கால என்ஜின்கள் பலவற்றில் புடைப்புக்கும் டாப்பெட்டுக்கும் இடையே உருளை ஒன்று சுழலும். இங்கே உருளை இல்லை, வழுக்கல்தான். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுதும் ஒரு கோட்டளவே உள்ள இடத்தில் இறங்குவதால் எண்ணெய்ப் படலம் பிதுங்கி மெலிந்து, உலோகம் உலோகத்தைத் தொடும் நிலை வருகிறது. அத்தருணத்துக்கென்றே எண்ணெயில் இசட்.டி.டி.பி. என்னும் சேர்மம், துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கொண்டது, கலக்கப்படுகிறது. உரசலிலும் சூட்டிலும் அது சிதைந்து, கண்ணாடித் தன்மையுள்ள பாஸ்பேட் படலமாக இரும்பின் மேல் படியும். இரும்புக்குப் பதிலாக அப்படலம் தேயும். தேய்ந்த இடத்தில் மறுபடி படியும். பாடுபடுவது பெரும்பாலும் பாஸ்பரஸ். பெயர் வாங்குவது துத்தநாகம்.

பாஸ்பரஸுக்கு வினை வந்தது வேறு திசையிலிருந்து. புகைக்குழாயில் பொருத்தப்படும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், அதாவது நச்சுப்புகையை வேதிமாற்றம் செய்து தணிக்கும் கருவி, பாஸ்பரஸ் படியப்படியச் செயலிழக்கும் என்பதால், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ. தன் எண்ணெய்த் தரங்களில் அதன் அளவைக் குறைத்துக்கொண்டு வந்தது. இத்தரங்கள் எஸ்.ஏ., எஸ்.பி., எஸ்.சி. என ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் செல்பவை, நடுவே எஸ்.ஐ., எஸ்.கே., எஸ்.ஓ. ஆகியவை காணப்படாமைக்கு ஏட்டைச் செல் அரித்தது காரணமன்று, கழகமே அவற்றைத் தவிர்த்துவிட்டது. 2004-இல் வந்த எஸ்.எம். தரம் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கியதும், எம்.ஜி.பி. உலகில் ஊழிக்காலம் புகுந்துவிட்டதாக ஓலம் எழுந்தது. சிறு புட்டிகளில் துத்தநாகக் கலவை விற்போர் வாழ்வு பெற்றனர். ஆயின் விதியின் வாசகத்தை ஊன்றிப் படிப்போர்க்கு, அவ்வரம்பு 5டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 முதலிய மெல்லிய தரங்களுக்கே உரியது என்பதும், 20டபிள்யூ-50 அதற்கு ஆட்படவில்லை என்பதும் விளங்கும். எனவே பிந்திய கையேட்டின்படி ஊற்றியவர் அஞ்ச வேண்டுவதில்லை. மகனின் புதுக் காருக்கு வாங்கியதில் மிஞ்சிய 5டபிள்யூ-30-ஐ வீணாக்க மனமின்றித் தம் எம்.ஜி.பி.யில் ஊற்றியவரே அஞ்சத்தக்கவர். 20டபிள்யூ-50 என்ற எழுத்து மட்டுமே துத்தநாகத்துக்குச் சான்றாகாது, தயாரிப்பாளரின் தகவல் தாளில் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மையே. புட்டியை மேலும் கவிழ்ப்பதால் பயன் கூடிக்கொண்டே போகாது. அளவு மிஞ்சிய சேர்மம் காக்க வந்த உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். மேலும், கேம் ஷாஃப்ட் பாழாவது பெரும்பாலும் புதிதாகப் பொருத்தி முதன்முறை ஓட்டும் இருபது நிமிடத்தில். அப்போது என்ஜினை ஐடிலில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவரை எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

அடுத்து, எண்ணெய் அழுத்தமானி. ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை காட்ட வேண்டும் என்பது கையேட்டின் வாக்கு. ஊசி சற்றுத் தாழ்ந்ததும் உரிமையாளரின் முகம் வாடுகிறது. கெட்டியான எண்ணெயை ஊற்றியதும் ஊசி ஏறுகிறது, முகமும் மலர்கிறது. அழுத்தம் என்பது எண்ணெய் நகரும் பாதையில் அதற்கு நேரும் தடையின் அளவே ஆதலால், கெட்டி எண்ணெய் ஊசியை உயர்த்தும்போது, தேய்ந்த பேரிங்குகள் தேய்ந்தபடியேதான் இருக்கின்றன. இங்கே எண்ணெய் உயவிடுவது என்ஜினை அன்று. கெட்டி எண்ணெய் மரபினர் எண்ணிக்கையில் மிக்கிருப்பதற்கு இம்மானியை ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே பொருத்தியவரே பொறுப்பு.

உண்மையில் இக்கார்களின் எண்ணெயைக் கெடுப்பது ஓட்டமன்று, ஓடாமை. மழைக்கு அஞ்சி உள்ளேயே நிறுத்தி, வெயில் கண்ட ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மைல் போய்த் திரும்பினால், என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் பிறந்த நீரும், எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கி, அமிலமும் சேறுமாக மாறுகின்றன. மைல் கணக்கு ஏறாவிடினும் ஆண்டுக்கொருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்னும் விதி இதனால் வந்தது. நடுத்தரமான 20டபிள்யூ-50-ஐ ஆண்டுதோறும் மாற்றி, டிப் ஸ்டிக்கை மாதமொருமுறை உருவிப் பார்ப்பவரின் என்ஜின், விலை உயர்ந்த சிந்தெட்டிக் எண்ணெயை ஊற்றிவிட்டு அதைப் பற்றியே ஐந்தாண்டு பேசிக்கொண்டிருப்பவரின் என்ஜினைக் காட்டிலும் நன்றாயிருக்கும் என்று துணிந்து கூறலாம். ஆனால் இக்கொள்கைக்கு மாணாக்கர் சேர்வதில்லை, இதில் வாதிட ஒன்றுமில்லாமையால்.

வாதப்பசி தணியாதோர்க்கு எஸ்.யூ. கார்பரேட்டர் உண்டு. அதன் தலையிலுள்ள சிறு மூடியைத் திருகிக் கழற்றினால் மெல்லிய தண்டொன்றும் அதன் நுனியில் சிறிய பித்தளைப் பிஸ்டனும் வெளிவரும். அவை மூழ்கியிருந்த குழலில் சில மில்லிலிட்டர் எண்ணெய் இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உள்ளிருக்கும் பெரிய பிஸ்டன் சட்டென்று மேலெழாதபடி அது தடுக்க, கலவையில் பெட்ரோல் கணநேரம் மிகுந்து வண்டி தயங்காமல் எடுக்கும். ஒரு கரண்டிக்கும் காணாத இவ்வெண்ணெய் 20 தரமா, என்ஜினில் ஊற்றியதேயா, ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயா, தையல் மெஷின் எண்ணெயா என்பது தனி நூலுக்குரியது. இங்கே விரிப்பிற் பெருகும்.

எஞ்சியிருப்பது ஒழுக்கியல், எண்ணெய் ஒழுகுதலைப் பற்றிய பகுதி. தொடக்கத்தில் வந்த மூன்று பேரிங் என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுச் சுருளே, சுழலும்போது எண்ணெயை உள்ளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சுழலும் மட்டும் அது அனுப்பும். என்ஜினை அணைத்ததும் அதுவும் பணியை முடித்துக்கொள்ளும். 1964-இன் பிற்பகுதியில் வந்த ஐந்து பேரிங் என்ஜினுக்குச் சீல் பொருத்தப்பட்டது. அது வயதாகி இறுகியபின் சொட்டுவதால், இரு வகையாரும் இவ்விடயத்தில் சமநிலை எய்தினர். மெல்லிய எண்ணெய் விரைந்து சொட்டும், கெட்டி எண்ணெய் நின்று சொட்டும் என்பது வரை யாவர்க்கும் உடன்பாடே. சொட்டும் இடத்துக்கு அடியில் வைக்கத்தக்கது அட்டையா, தகரத் தட்டா என்பதில் மட்டும் அட்டைவாதிகள் கறையின் இடத்தைக் கொண்டு ஒழுகும் மூட்டை இனங்காணலாம் என்றும், தட்டுவாதிகள் சேர்ந்ததை அளந்து பார்க்கலாம் என்றும் கூறி வழக்கை நீட்டித்து வருகின்றனர்.