ஈரக்காற்றில் மார்பிள் தரை: தடையும் விடையும்

கடலோர ஊர்களில் மார்பிள் தரையைத் துடைப்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு மரபு உண்டு. ஒரே வீட்டுக்குள் மூன்று மரபுகள் இருப்பதும் உண்டு. ஃபினாயில் மரபினர், சுடுதண்ணீர் மரபினர், ‘எலுமிச்சம்பழ மூடியைப் போட்டுத் தேய்’ என்னும் மரபினர் என இவர்களை வகுக்கலாம். ஒரு மரபினர் துடைத்ததை இன்னொரு மரபினர் துடைத்ததாகவே ஒப்புக்கொள்வதில்லை. இம்மூன்றையும் ஆராய்ந்து, தள்ளுவன தள்ளிக் கொள்வன கொண்டால் எஞ்சுவது ஒன்றே: மார்பிளைக் கெடுப்பதில் அழுக்குக்கு இரண்டாம் இடம்தான்; முதலிடம் துடைப்புக்கு. இதுவே இக்கட்டுரையின் மேற்கோள்.

முதற்கண் கல்லின் குலமுறை. மார்பிள் என்பது பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து உருமாறிய சுண்ணாம்புக்கல். அதாவது கால்சியம் கார்பனேட். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு இதற்கு நெருங்கிய பங்காளி. இந்தக் குலத்துக்குப் புளிப்பு ஆகாது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். எனவே ரசம், சாம்பார், வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, ஊறுகாய் என நம் இலையில் பரிமாறப்படுவதில் பெரும்பகுதி இக்கல்லுக்கு விரோதி என்பது பெறப்படும். பாயசம் ஒன்றுதான் சிநேகம். அதுவும் எறும்பு வரும்வரை.

செட்டிநாட்டார் இதை அறிந்திருந்தார்களோ என்னவோ, அறிந்தவர்கள் போலக் கட்டினார்கள். இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த மார்பிள் முன்பக்கத்துக் கூடத்தில். அடுப்படி வீட்டின் கடைசிக் கட்டில். ரசத்துக்கும் கல்லுக்கும் இடையே முற்றங்களும் தாழ்வாரங்களும் கிடந்தன. இன்றைய அடுக்குமாடியிலோ ‘ஓப்பன் கிச்சன்’. மிக்ஸி ஜாரிலிருந்து தெறிக்கும் புளிக்கரைசல் சோபா வரை வருகிறது.

தடை: ‘எலுமிச்சை பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கிறதே, தரையை மட்டும் வைக்காதா?’ விடை: பித்தளையில் எலுமிச்சை தின்பது மேலே படிந்த களிம்பை. களிம்பு போனதும் உள்ளிருக்கும் உலோகம் மின்னுகிறது. மார்பிளில் தின்பதற்குக் களிம்பு இல்லாததால் கல்லையே தின்கிறது. சான்று வேண்டுவோர் மார்பிள் நிலைப்படிகளைக் குனிந்து பார்க்க. அமாவாசைதோறும் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, குங்குமம் தடவி, வாசலின் இருபுறமும் வைக்கும் வீடுகளில், வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு மங்கல் வட்டங்கள் தெரியும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது நன்றாகத் தெரியும். விரலால் தடவினால் அவ்விடம் மட்டும் லேசாகச் சொரசொரக்கும். திருஷ்டி கழிந்ததா என்பது வேறு துறை. பாலிஷ் கழிந்தது உறுதி.

எலுமிச்சை மெதுவாகச் செய்வதை ஆசிட் உடனே செய்யும். கட்டட வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது ஒரு வழக்கம். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை கிளம்பும். ‘பாருங்க சார், எவ்ளோ அழுக்கு வருது!’ என்பார் ஊற்றியவர். பார்ப்பவருக்கும் மனம் நிறையும். நுரையாக வருவது கார்பன் டை ஆக்ஸைடு. அதைக் கொடுத்துவிட்டுக் கரைந்து போவது அழுக்கல்ல, சதுர அடி விலை பேசி வாங்கிய தரை. தருக்க நூலார் பாணியில் இதைச் சொன்னால்: இத்தரை புளிப்புற்றது, மங்கலுடைமையால், அடுக்களை மேடை போல.

இனி ஈரக்காற்று. ‘தரை வேர்க்குது’ என்பது சென்னைக் குடியிருப்புகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். மாடி வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு சாரார் வழக்காடுவர், பிளம்பர் வருவார், இரண்டு டைல் உடைபடும், சங்கக் கூட்டத்தில் காரசாரம் நடக்கும். உண்மைக் காரணம் இது. வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீராவி தண்ணீராகப் படியும். இரவெல்லாம் ஏசி ஓடிய அறையின் தரை அந்த அளவுக்குக் கீழே இருக்கிறது. காலையில் ‘நல்ல காத்து வரட்டும்’ என்று பால்கனிக் கதவைத் திறந்ததும் கடற்காற்று வந்து தரையில் தண்ணீராகிறது. மாடி வீட்டுக்காரர் நிரபராதி. ஏசியை நிறுத்தித் தரை சூடேறிய பிறகு கதவைத் திறப்பதும், படிந்ததை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதும் போதும். ஏற்கெனவே ஈரமான தரைமேல் ஈர மாப்பைப் போடுவது துடைப்பாகாது, நீர்ப்பாசனமாகும்.

ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தரைத்தளத்து வீடுகளில் மண்ணிலிருந்து ஏறும் ஈரம், வழியிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து, கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும். கல்லுக்குள் இரும்புச்சத்து இருந்தால், ஈரம் தங்கத் தங்க அது துருவாகி மஞ்சள் பாயும். இதை மறைக்க ரப்பர் அடி கொண்ட விரிப்பைப் போடுவோர், ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்தவர் ஆவர். ஒரு மழைக்காலம் கழித்து விரிப்பை எடுத்தால், விரிப்பின் வடிவத்திலேயே மஞ்சள் இருக்கும். கேஸ் சிலிண்டர் நிற்கும் இடத்தில் பழுப்பு வளையம் விழுவதும் துருவின் வேலையே. சிலிண்டருக்கு ஒரு தள்ளுவண்டி வாங்குவது பாலிஷ் கூலியைவிட மலிவு.

அறிஞர்களையே தடுமாற வைக்கும் நுட்பம் ஒன்று உண்டு. கறை வேறு, அரிப்பு வேறு. எண்ணெய், மஞ்சள், காப்பி போன்றவை கல்லுக்குள் இறங்கினால் அது கறை. இடம் நிறம் மாறியிருக்கும். புளிப்பு பட்டுக் கல் போனால் அது அரிப்பு. நிறம் இருக்கும், மினுக்கு இராது. கறைக்குப் பற்று உண்டு. எண்ணெய்க் கறை என்றால் சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை நீக்கிக் காயவிட்டால், காயும் பற்று எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும். ஒரே முறையில் போகாது. தாஜ்மகாலுக்கு இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் அவ்வப்போது முல்தானி மட்டியைப் பூசிக் கழுவிவருவதும் இந்த வழியில்தான். அது ராஜஸ்தானத்து மக்ரானா கல். நம் பூஜை அறைக்கு வந்ததும் பெரும்பாலும் அந்த மாநிலத்துக் கல்தான். ஆக்ராவில் புகையும் தூசியும் உண்டு, ரசம் இல்லை.

அரிப்புக்குப் பற்று பலிக்காது. மெஷின் வைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். சீலர் அடித்துவிட்டால் கவலையில்லை என்பாரும் உளர். அது பாதி உண்மை. சீலர் துளைகளை அடைத்துக் கறை இறங்குவதைத் தாமதிக்கும். புளிப்பு மேற்பரப்பைத் தின்பதைத் தடுக்காது. இதை விற்பவர் சொல்வது அரிது.

மஞ்சளுக்கு மட்டும் தனி நீதி. மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் அது சிவக்கும். காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவப்பதுதானே ஆரத்தி. பதறி மேலும் சோப்புப் போடுவர், மேலும் சிவக்கும். தண்ணீரால் துடைத்துவிட்டு வெயில் படும்படி ஜன்னல் திரையை விலக்கி வைத்தால், வேட்டியில் பட்ட மஞ்சளைப் போலவே தானாக வெளுக்கும். இந்த ஒரு விஷயத்தில் நம் தட்பவெப்பம் நமக்குத் துணை.

மணலை இதுவரை சொல்லாதது அது சில்லறைச் சங்கதி என்பதால் அல்ல. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிளின் கால்சைட்டுக்கு 3, மணலின் குவார்ட்ஸுக்கு 7. கடற்கரையிலிருந்து செருப்போடு வரும் மணலைப் பெருக்காமல் மாப் போட்டால், மாப்பு உப்புத்தாளாகிவிடும். வாசலில் ஒரு தேங்காய்நார் மிதியடி, பூந்துடைப்பத்தால் ஒரு பெருக்கல், பிழிந்த துணியும் காரமோ புளிப்போ இல்லாத சோப்பு நீரும், பின்பு உலர்ந்த துணி. முறை இவ்வளவே. மும்மரபினரும் இதை ஏற்கவில்லை. மணமே வரவில்லையே, இது என்ன துடைப்பு என்பது அவர்கள் தரப்பு.

ஆய்வுக்கு இன்னும் இடமுள்ள பகுதி ஒன்று இருக்கிறது. விருந்தாளிக்குக் கொடுத்த எலுமிச்சைச் சாறு வழிந்து, டம்ளரின் அடி பதிந்த மங்கல் வளையம். விட்டத்தை அளந்து, அது எந்த டம்ளர் என்று அடையாளம் கண்டுவிடலாம். அதைக் கீழே வைத்தது மாப்பிள்ளை வீட்டாரா, பெண் வீட்டாரா என்பதில்தான் உரையாசிரியர்கள் மாறுபடுகின்றனர்.