இல்லாததைப் பார்க்கப் போனோம்

ஊர் சுற்றிப் பார்ப்பது என்பது, கூலி வாங்காமல், கைக்காசையும் செலவழித்து, காலும் இடுப்பும் நோகச் செய்கிற கடின உழைப்பு என்பதும், அதைச் செய்து திரும்பியவர்கள் ‘ஓய்வெடுத்துக்கொண்டு வந்தோம்’ என்று சொல்லிக்கொள்வது உலகம் ஒப்புக்கொண்ட பொய்களில் ஒன்று என்பதும் என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். ஆகவே, பெரிய தேசங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் கிடக்கும் மால்டாவுக்குப் போகலாம் என்று என் மனைவி சொன்னபோது, சிறிய ஊரில் சிரமமும் சிறிதாகத்தானே இருக்கும் என்ற நியாயத்தின் பேரில் நான் ஆட்சேபம் சொல்லவில்லை. அங்கே கப்பல் பழுதுபார்க்கும் துறையில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனனும், “அத்தான், தேசம் முழுக்கச் சேர்த்தாலே 316 சதுர கிலோமீட்டர்தான், காலையில் புறப்பட்டால் சாயங்காலத்துக்குள் தீவு தீர்ந்துபோகும்” என்று தைரியம் சொல்லியிருந்தான்.

அவன் எங்களுக்காக ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தான். அதில் கண்டபடி நாங்கள் அலைய ஆரம்பித்த சிறிது நேரத்துக்கெல்லாம் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. அந்தத் தீவில் பார்க்கவேண்டிய இடங்கள் என்று பிரசித்தி பெற்றவற்றில் பெரும்பாலானவை, முன்பு இருந்து இப்போது இல்லாதவை, அல்லது இருந்தும் பார்க்கமுடியாதவை, அல்லது நடந்திருக்கவேண்டியது நடக்காமல் போனதனாலேயே கீர்த்தி பெற்றவை.

உதாரணமாக மோஸ்டா என்னும் ஊரின் மாதா கோயிலை எடுத்துக்கொள்ளலாம். தூண் ஒன்றின் உதவியும் இல்லாமல் ஏறக்குறைய 37 மீட்டர் விட்டத்துக்குக் கவிந்து நிற்கும் அதன் குவிமாடம் நிஜமாகவே ஆச்சரியமானதுதான். ஆனால் ஜனங்கள் அங்கே கூடுவது குவிமாடத்துக்காக அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி, மாலைப் பூசைக்காக நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே கூடியிருந்த சமயத்தில், ஜெர்மானிய விமானம் ஒன்று போட்ட குண்டு அந்த மாடத்தைத் துளைத்துக்கொண்டு அவர்கள் நடுவிலே விழுந்து, உருண்டு, வெடிக்காமலே கிடந்துவிட்டது. ஒருவருக்கும் பிராண சேதமில்லை. அந்தக் குண்டைப் பார்க்கவே சீட்டு வாங்கி உள்ளே போகிறார்கள். போனால், அதைப் பட்டாளத்தார் அப்போதே அப்புறப்படுத்திக் கடலில் போட்டுவிட்டதாகவும், அங்கே நிறுத்தி வைத்திருப்பது அதே ஜாதியைச் சேர்ந்த வேறொரு குண்டு என்றும் தெரியவருகிறது. நடக்காத ஒரு விபத்தை, அங்கே விழாத ஒரு குண்டைக் கொண்டு நினைவுகூரும் இந்த ஏற்பாட்டின் தத்துவத்தை நான் விசாரித்துக்கொண்டிருக்கையில், என் மனைவி, “அது வெடித்திருந்தால் பார்க்க நாம் வந்திருக்கமாட்டோம், காட்டக் கோயிலும் இருந்திருக்காது, பேசாமல் கும்பிட்டுவிட்டு வாருங்கள்” என்றாள்.

தலைநகரான வல்லெட்டாவில் புனித யோவான் பேராலயம் இருக்கிறது. 1530-ஆம் வருஷம், சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ், வருஷத்துக்கு ஒரு வல்லூறு வாடகை என்று பேசி இந்தத் தீவுகளைப் புனித யோவானின் வீரத்துறவிகளுக்குக் கொடுத்தார் (அத்தகைய வாடகைக்கு இன்று எங்கே வீடு கிடைக்கிறது?). அந்தத் துறவிகள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆலயம் இது. வெளியே கோட்டைச் சுவர் போன்ற முகமும், உள்ளே கண் கூசும் பொற்பூச்சும் கொண்டது. தரை முழுவதும் வர்ணச் சலவைக் கற்களால் இழைத்த கல்லறைப் பலகைகள், அவற்றில் சிரிக்கும் எலும்புக்கூடுகள். மாண்ட பிரபுக்களுக்கு நோகும் என்றோ, கல்லுக்கு நோகும் என்றோ, ஊசிக் குதிகால் செருப்புடன் வருகிற பெண்களை அங்கே அனுமதிப்பதில்லை.

பக்கத்து மண்டபத்தில் இருக்கிறது, காராவாஜ்ஜோ 1608-ஆம் வருஷம் தீட்டிய, ஸ்நானக யோவானைச் சிரச்சேதம் செய்யும் சித்திரம். ஐந்து மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள அந்தத் திரையில், மனிதர்கள் எல்லாரும் இடது பக்கத்திலே நெருங்கி நிற்க, வலது பாதியில் சிறைச் சுவரும், ஒரு ஜன்னலும், அதன் வழியே எட்டிப் பார்க்கும் இரண்டு கைதிகளும் தவிர வெறும் இருட்டுத்தான். ஓவியர் கையெழுத்திட்ட சித்திரம் இது ஒன்றே என்பதும், அந்தக் கையெழுத்தையும் அவர் யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே நீட்டி எழுதியிருக்கிறார் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், வந்தவர்கள் அனைவரும் கொலையை விட்டுவிட்டுக் கையெழுத்தையே தேடிக்கொண்டிருந்தார்கள். ரோமாபுரியில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்த அந்த மனிதர், இங்கே வீரத்துறவிப் பட்டம் பெற்று, சில மாதங்களுக்குள் மறுபடியும் ஒரு கலகத்தில் அகப்பட்டு, கோட்டைச் சிறையிலிருந்து கயிறு கட்டியோ வேறெப்படியோ தப்பி ஓடிவிட்டார். 1608 டிசம்பர் 1-ஆம் தேதி துறவிகள் சபை கூடி, அவரை அழுகிய அங்கம் என்று வெட்டித் தள்ளி விலக்கியது, இதே மண்டபத்தில், இதே சித்திரத்தின் முன்னிலையில். குற்றவாளி மட்டும் ஆஜரில்லை. இல்லாதவற்றைக் கொண்டே காரியம் நடத்தும் தீவின் சம்பிரதாயத்துக்கு இதைக் காட்டிலும் புராதனமான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை.

பூமிக்கடியில் மூன்று தளங்களாக, ஐயாயிரம் வருஷங்களுக்கு முன்பு பாறையைக் குடைந்து செய்த ஹல் சஃப்லியெனி என்ற மயானக் கோயிலும் பட்டியலில் இருந்தது. உள்ளிருக்கும் செந்நிற ஓவியங்கள் மனித மூச்சின் ஈரத்தால் கெட்டுவிடாமல் இருக்க, நாளொன்றுக்கு 80 பேரை மட்டுமே விடுகிறார்கள். சீட்டுகளோ வெகு முன்னதாகவே விற்றுப்போகின்றன. ஆகையால் அதன் வாசற்கதவை நாங்கள் நன்றாகப் பார்த்தோம். கதவுக்கு முன்னால் எங்களை நிறுத்தி மைத்துனன் படமும் எடுத்தான். அந்த மயானத்திலே கிடைத்த ‘உறங்கும் மாது’ என்னும் மண்சிலையை வல்லெட்டா அருங்காட்சியகத்தில் கண்டேன். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். ஒருக்களித்துப் படுத்து, கையைத் தலைக்கு வைத்து, பாவாடை மடிப்புக் கலையாமல் சுகமாகத் தூங்குகிறாள். மால்டாவுக்கு வந்தால் செய்யவேண்டியது இன்னதென்று சரியாகத் தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

கொமினோ தீவின் நீலக் காயலில் தண்ணீர் நீலமாக இருக்கும் என்று கேள்வி. நாங்கள் போன அன்று அங்கே மனிதத் தலைகளே தென்பட்டன. மால்டாவில் இரட்டை மணிகாட்டி வைத்த கோயில்கள் பல உண்டு. ஒன்று சரியான நேரத்தையும், மற்றது சாத்தானை ஏமாற்றுவதற்காகத் தப்பான நேரத்தையும் காட்டும் என்கிறார்கள். அந்த ஊர் பஸ்ஸுக்காக வெயிலில் காத்து நின்றபோது, அட்டவணை எழுதினவர் எந்த மணிகாட்டியைப் பார்த்து எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

நிந்தித்துக்கொண்டே போவது தர்மமாகாது. பஸ்தித்ஸி என்ற பலகாரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியாகவேண்டும். நம் சோமாஸிக்குச் சற்று வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்ட தமக்கை அது. ஏடு ஏடாகப் பிரியும் மேல்மாவு, உள்ளே பாலாடைக்கட்டி அல்லது காரமிட்டு மசித்த பட்டாணி. அடுப்பிலிருந்து எடுத்த மாத்திரத்தில் காகிதத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். கடித்தால் நாக்கு வேகிறது, மடியெல்லாம் பொருக்கு உதிர்கிறது, காகிதம் எண்ணெயில் கண்ணாடியாகிவிடுகிறது. பட்டியலில் இல்லாத இந்த ஒன்று மட்டும் போன இடமெல்லாம் தவறாமல் இருந்தது.

கோசோ என்பது பக்கத்துத் தீவு. அரைமணி நேரத்துக்குள் கப்பல் சேர்த்துவிடுகிறது. எகிப்தியப் பிரமிடுகளுக்கு முந்திய ஜிகன்தியா கோயில் அங்கே இருக்கிறது. அகன்ற அவரையைத் தின்றுகொண்டே ஒரு ராட்சசி கல் சுமந்து கட்டினாள் என்பது ஐதீகம். கோயில் இருக்கிறபடியால் அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மைத்துனன் எங்களை அவசரமாக டுவெய்ராக் கடற்கரைக்கு அழைத்துப்போனது நீலச் சாளரத்தைக் காட்ட. கடலில் கால் வைத்து நின்ற பிரம்மாண்டமான அந்தக் கல்வளைவு, 2017 மார்ச் 8-ஆம் தேதி அடித்த புயலில் மொத்தமாக இடிந்து கடலுக்குள் போய்விட்டது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வருகிறார்கள். படகோட்டி ஒருவர் வெறும் ஆகாயத்தில் விரலால் வளைவு வரைந்து, “இங்கேதான் ஒரு கால், அங்கே இன்னொன்று” என்று காட்ட, கூட்டம் முழுவதும் அந்தச் சூனியத்தைப் படம் பிடித்துக்கொண்டது.

எதிரே கடலில் நிற்பது காளான் பாறை. அதன் உச்சியில் விளையும் ஒரு செடி ரத்தப்போக்கையும் சீதபேதியையும் நிறுத்தும் என்று நம்பிய வீரத்துறவிகள், திருடர்கள் ஏறாதபடி பாறையின் பக்கங்களைச் செதுக்கி வழவழப்பாக்கி, கயிற்றில் கூடை கட்டித் தாங்கள் மட்டும் போய்வந்து, ராஜாக்களுக்கெல்லாம் அதைக் காணிக்கை அனுப்பினார்கள். பின்னாளில் வைத்தியர்கள் அந்த மருந்தைக் கைவிட்டார்கள். தவிர, அந்தச் செடி காளானே அல்ல.

கடைசியாகக் கலிப்சோவின் குகை. ஹோமரின் காவியத்திலே, ஒடிசியஸ் என்ற வீரனை ஏழு வருஷம் ஊருக்குப் போகவிடாமல் காதலால் கட்டி வைத்த தேவகன்னிகை கலிப்சோ வாழ்ந்தது கோசோவில்தான் என்பது கர்ண பரம்பரை. பாறை உறுதியாக இல்லையென்று குகையை மூடியிருந்தார்கள். கீழே ராம்லாக் கடற்கரையின் செம்மணல் தெரிந்தது. “ஏழு வருஷமா?” என்று மட்டும் என் மனைவி கேட்டாள், அவள் குரலில் கலிப்சோவின்பால் கண்டனத்தைவிட, இவ்வளவு காலம் ஒரு புருஷனை வீட்டில் வைத்துச் சமாளித்ததற்கான அனுதாபமே மிகுதியாக இருந்தது.

கோசோவுக்குப் போகும்போது கப்பலில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. திரும்புகிறவர்களிடம் மட்டுமே, போக வர இரண்டுக்கும் சேர்த்து, துறைமுகத்தில் பணம் வாங்குகிறார்கள். மைத்துனன் இதை விளக்கியதும், “அப்படியானால் திரும்பாதவர்களுக்குச் செலவே இல்லை” என்ற என் மனைவி, சற்று யோசித்து, “தம்பி, ஏழு வருஷம் கழித்துத் திரும்பினாலும் இதே கட்டணம்தானா என்று கேளடா” என்றாள். அக்காவின் வார்த்தையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது. சாளரத்தருகே குனிந்து, கேட்டே விட்டான். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாள், தலையை நிமிர்த்தாமலே, சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டு, “ஆளுக்கு அதேதான், கார் இருந்தால் தனி” என்றாள்.