சராசரி வேகக்காரர்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில், விடிவதற்குச் சற்று முன் தொடங்கி வெயில் உறைக்கும் வரை மட்டும் திரளாகக் காணக் கிடைக்கும் ஒரு மனித வகையைச் சராசரி வேகக்காரர் என்று அழைக்கலாம். இவ்வகையினரில் பெரும்பாலோர் ஆண்கள். வயது 38க்கும் 50க்கும் இடைப்பட்டது. தொழில், ராஜீவ் காந்தி சாலையில் உள்ள ஏதேனும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கணினிக்கு முன் அமர்ந்திருப்பது. இவர் சைக்கிள் ஓட்டுவது எங்கேனும் போய்ச் சேர்வதற்காக அன்று. திருவான்மியூரில் புறப்பட்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாமல்லபுரம் வரை மிதித்துச் சென்று, கடற்கரைக் கோயிலை ஏறெடுத்தும் பாராமல் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் இவருக்கு, கடந்த தூரத்தைக் கழிந்த நேரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் ஒன்றே தேடுபொருள். சென்ற மாதம் 23.4 ஆக இருந்த அந்த எண் இந்த மாதம் 23.9 ஆகியிருப்பது இவரது ஆண்டின் முதன்மையான நிகழ்வு. அதே ஆண்டில் கிடைத்த பதவி உயர்வு அதற்கு அடுத்த இடத்தில் வருகிறது.

இவ்வகையினரின் தோற்றுவாய் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கைதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்க, கொழுப்பு அக்கோட்டைத் தாண்டியிருக்க, மருத்துவர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்கிறார். நடை என்பது வாங்குவதற்கென்று பொருள் ஏதும் இல்லாத உடற்பயிற்சி ஆதலால் அது இவர் மனத்தில் வேர் பிடிப்பதில்லை. அலுவலக நண்பர் ஒருவர் காட்டிய சைக்கிள் உடனே பிடித்துவிடுகிறது. முதலில் சாதாரண கியர் சைக்கிள், எட்டாவது மாதம் கார்பன் இழைச் சட்டம் கொண்ட பந்தய சைக்கிள் என்று வளரும் இந்த ஈடுபாட்டை உறவினர்கள் தொடக்கத்தில் ஐயத்துடன்தான் நோக்கினர். 2021இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைக்கவசம் அணிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிச் சென்ற படம் செய்தித்தாள்களில் வந்தபின், விளக்கம் கேட்பதை அவர்கள் நிறுத்திக்கொண்டனர்.

ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள அந்த வாகனத்தில் ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணியும் இல்லை. எடை கூடும் என்பதே காரணம். ஆகவே வாசலில் நிறுத்த இயலாத அது வரவேற்பறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது; மழைநாளில் ஓட்டினால் முதுகின் நடுக்கோட்டில் கழுத்து வரை சேற்றை அடிக்கிறது. "ஏங்க, சைக்கிள்லயே போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்று மனைவி சொன்னால், ஒரு மணி நேரம் முன்புதான் 100 கிலோமீட்டர் மிதித்து முடித்த இவர் தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவார். அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையின் ஹெர்குலஸ் வண்டியில், முன்பாரில் ஒரு பிள்ளையும் கேரியரில் மனைவியுமாகக் காலம் கழித்த இவருடைய தந்தை இந்தப் புது வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு காசு வாங்கினவன், ஒரு ஸ்டாண்டு வச்சுக் குடுக்க மாட்டானாமாடா?"

எடையைப் பற்றிய இவரது கொள்கை தனியே ஆராயத்தக்கது. சைக்கிள் பந்தயங்களை ஆளும் உலக அமைப்பு பந்தய வண்டிக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ, இவருடைய வண்டி 8.2 கிலோ. இடையே உள்ள 1.4 கிலோவே தமக்கும் உலகச் சாம்பியன்களுக்கும் நடுவே நிற்கும் தடை என்று இவர் மனமார நம்புவதால், சக்கரம், இருக்கை, தண்ணீர்க் குப்பியைத் தாங்கும் கூண்டு என ஒவ்வொன்றாக மாற்றிக் கிராம் கணக்கில் எடையைக் குறைத்து வருகிறார். எடை உண்மையில் தடையாவது மேடு ஏறும்போதும் நின்ற வண்டி வேகமெடுக்கும்போதும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ முட்டுக்காட்டுப் பாலத்தை விட்டால் மேடு என்று சொல்லத்தக்கது அரிது. சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், மிதிப்பவரின் உழைப்பில் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் காற்றே வாங்கிக்கொள்கிறது. அதுவும் நேர்விகிதத்தில் வாங்குவதில்லை. காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப உயர்வதால், 20இலிருந்து 25க்குப் போக விரும்புபவர் வேகத்தில் கால் பங்கு கூட்டுவதற்குக் காற்றுக்குச் செலுத்தும் கப்பத்தை ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டியிருக்கிறது. ஆகையால்தான் முதல் மூன்று மாதங்களில் 18இலிருந்து 22க்குத் தாவிய இவரது சராசரி, அடுத்த மூன்று ஆண்டுகளில் 24ஐ எட்டிப் பிடிக்கத் திணறுகிறது. காற்றை ஏமாற்ற இருக்கும் மலிவான வழி, கைப்பிடியின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பற்றிக் குனிந்து, காற்று மோதும் உடற்பரப்பைக் குறைத்துக்கொள்வது. குனிந்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் தொந்தியில் இடிப்பதால் இவர் நிமிர்ந்தே ஓட்டுகிறார். எடையைக் குறைக்க வேண்டிய இடம் இது என்பதை எந்தக் கடைக்காரரும் இவரிடம் சொல்வதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் ஓட்டினால், அவர் விலக்கிவிட்ட காற்றின் நிழலில் கணிசமான உழைப்பு மிச்சமாகும். இதற்கு டிராஃப்டிங் என்று பெயர். குழுவாகச் செல்லும் சராசரி வேகக்காரர்கள் முறைவைத்து முன்னே போய் ஒருவருக்கொருவர் இந்த உதவியைச் செய்துகொள்வது வழக்கம் என்றாலும், முறை வரும்போது ஷூ கயிற்றைச் சரிபார்ப்பவர்களும் அக்குழுவில் இருக்கவே செய்கிறார்கள். நீலாங்கரை அருகே, அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் காலை டியூஷனுக்குப் போகும் பிளஸ் 1 மாணவன் ஒருவன், முதுகில் பையும் கேரியரில் டிபன் டப்பாவுமாக, டிராஃப்டிங் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே இவருடைய பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அவனை உதறிவிட இவர் உயிரைக் கொடுத்து மிதிக்க மிதிக்க, அவன் முன்னிலும் சுகமாக வந்து, டியூஷன் சந்து வந்ததும் "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லித் திரும்பிவிடுகிறான். அன்றைய பயிற்சியில் இவரது இதயத்துடிப்பு உச்சத்தைத் தொட்டது அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் என்பது வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்க்கையில் தெரியவரும்.

பயிற்சி முறையைப் பொறுத்தவரை இவர் படிக்காதது இல்லை. எஃப்.டி.பி. எனப்படும் அளவு, ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மிக உயர்ந்த சராசரித் திறனைக் குறிப்பது. அதை வாட் கணக்கில் அறிய, 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, வரும் சராசரியில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்வது நடைமுறை. இந்த எண்ணைக் கொண்டு உழைப்பை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய மெதுவான மண்டலத்தில் நெடுநேரம் ஓட்டுவதால் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உணவை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவும் உயர்கிறது. நார்வேயில் பணியாற்றும் உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், நீடித்த உழைப்புக்கான விளையாட்டுகளில் முன்னணியில் இருப்பவர்கள் தங்கள் பயிற்சிகளில் 80 விழுக்காட்டளவை இப்படி மெதுவாகவும், எஞ்சியதை மிகக் கடுமையாகவும் செய்வதை எடுத்துக்காட்டினார். இந்த வலிமை சேர்வது ஓட்டும்போது அன்று, ஓட்டியபின் எடுக்கும் ஓய்விலும் உறக்கத்திலும்தான் என்பதும் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படுவது.

இவ்வளவையும் கரைத்துக் குடித்தவர் ஏன் தேறவில்லை என்றால், மெதுவாக ஓட்டுவது இவரால் ஆகாத காரியமாக இருக்கிறது. 2009இல் தொடங்கப்பட்ட ஸ்டிராவா என்னும் செயலியில் ஒவ்வொரு பயணமும் தூரம், வேகம் எல்லாவற்றுடனும் நண்பர்கள் பார்வைக்கு வந்துவிடுகிறது; மணிக்கு 18 கிலோமீட்டரில் போன பயணத்தை ஊரார் பார்க்க விட்டுவைப்பது, பரீட்சையில் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை வாசலில் ஒட்டிவைப்பதற்குச் சமம் என்று இவர் கருதுகிறார். ஆகையால் மெதுவாக ஓட்ட வேண்டிய நாளில் சற்று வேகமாக ஓட்டி, அதனால் களைத்துப்போய்க் கடுமையாக ஓட்ட வேண்டிய நாளில் சற்று மெதுவாக ஓட்டி, ஆண்டு முழுவதும் நடுவாந்தரத்திலேயே நின்றுவிடுகிறார். சராசரியை உயர்த்தக்கூடிய பயிற்சியைச் சராசரியின் மீதுள்ள ஆசையே செய்யவிடுவதில்லை. மாறாக, இவருடைய தந்தை முப்பது ஆண்டுகள் தினமும் மெதுவாகவே தொழிற்சாலைக்கு மிதித்து, வாரத்தில் ஒரு நாள் கிளம்பத் தாமதமாகி, ஷிப்டுச் சங்கு ஊதுவதற்குள் வாயிலைத் தொட உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தார். சைலர் கண்ட விகிதத்துக்கு இதைவிட நெருக்கமான பயிற்சித் திட்டத்தை எந்தப் பயிற்றுநரும் வகுத்துக் கொடுத்துவிட முடியாது; ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உட்பட.

உண்மை வேகம் நகராதபோது கணக்கு நகர வேண்டியதாகிறது. சராசரி இருவகைப்படும். புறப்பட்டது முதல் திரும்பியது வரையான மொத்த நேரத்தால் வகுப்பது ஒன்று. வண்டி நகர்ந்த நேரத்தால் மட்டும் வகுப்பது மற்றொன்று. கருவி தானே கடிகாரத்தை நிறுத்திக்கொள்ளும் வசதி இருப்பதால், சிக்னல்களும் டீக்கடையும் இரண்டாவது சராசரியைத் தீண்டுவதில்லை. இவர் வெளியே சொல்வது இரண்டாவதையே. தெற்கு நோக்கிப் போகையில் எதிர்க்காற்று அடித்தால் குறைவுக்குக் காற்று காரணம்; அதே காற்று திரும்பும்போது முதுகைத் தள்ளினால் உயர்வுக்குப் பயிற்சி காரணம். இன்னும் நுட்பமானது தூரத்தை முழுமையாக்கும் சடங்கு. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலை அடையும்போது கருவி 99.6 என்று காட்டினால், அந்த நிலையில் இறங்குவது இவர் மரபில் இல்லை. காலை பத்து மணி வெயிலில், வண்ண வண்ண இறுக்கமான உடையில், தூண்களுக்கும் கார்களுக்கும் இடையே வாகன நிறுத்துமிடத்தை இவர் வலம் வருகிறார்; தண்ணீர் லாரிக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருக்கும் காவலாளி மூன்றாவது சுற்று வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார். 100.0 விழும் வரை பதில் கிடைப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வகையினர் வீட்டுக்குள் புலம்பெயர்கிறார்கள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை டிரெய்னர் என்னும் நிலைத்தாங்கியில் பூட்டி, திரையில் தோன்றும் கற்பனைத் தீவு ஒன்றின் சாலையில் ஓட்டுவது அப்பருவத்தின் வழக்கம். எதிரே மின்விசிறி, கீழே வியர்வை ஏந்த யோகா விரிப்பு. அவ்வேளையில் புதுக்கோட்டையிலிருந்து மாமியார் வந்திருந்தால் நிலைமை சங்கடமாகிவிடும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏற்றிவிட்டபோது, தாமும் கற்றுக்கொண்டு, கேரியரில் தண்ணீர்க்குடம் கட்டிப் பல ஆண்டு ஓட்டியவர் அவர். அரை மணி நேரம் அமைதியாகக் கவனித்துவிட்டு, "இம்புட்டு நேரம் மிதிச்சும் எங்கிட்டும் போகலையே மாப்பிள்ளை" என்று அவர் உண்மையான பரிவோடு சொல்லும்போது, திரையில் ஒரு மலையின் முக்கால் பங்கை ஏறியிருக்கும் மருமகனுக்குப் பதில் சொல்ல மூச்சு இருப்பதில்லை.

மாமல்லபுரத்துப் பொங்கலும் கணக்கின்படியே உண்ணப்படுகிறது. சராசரி 130 வாட் திறனில் இரண்டு மணி நேரம் மிதித்தால் பெடலில் செலுத்தப்படும் வேலை 936 கிலோஜூல். மனித உடல் தான் எரிக்கும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே பெடலுக்கு அனுப்புவதால், அதே எண்ணைக் கிலோகலோரியாக எடுத்துக்கொண்டால் பெரும் பிழை இராது. இதை நன்கறிந்த இவர், நெய்ப்பொங்கல், இரண்டு மெதுவடை, ஒரு ரவா ரோஸ்ட், சர்க்கரை தூக்கலாக ஒரு காபி என்று 936ஐ மிச்சமின்றித் தீர்த்துவிட்டு, திரும்பி மிதிக்க வேண்டிய தூரத்துக்காக முன்பணமாக ஒரு கேசரியும் வாங்குகிறார்.

இவ்வளவுக்குப் பின்னும் பயிற்சி பலிக்கத்தான் செய்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 78 ஆக இருந்த நாடித்துடிப்பு இரண்டே ஆண்டுகளில் 62க்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து பின்வாங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் இரைப்பதில்லை. அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்த மருத்துவர், சராசரி எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை என்பதில் இவருக்குச் சிறு வருத்தம் உண்டு.

ஞாயிறு அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டிச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். முன்னே சிவப்பு விளக்குகள் சிமிட்டிக்கொண்டு ஒரு வரிசை தென்பட்டால், ஒளியைத் தாழ்த்தி, ஒன்றரை மீட்டர் இடம் விட்டுக் கடந்து செல்லுங்கள். காரை ஓரங்கட்டி நிறுத்தினால், கதவைத் திறக்குமுன் பின்னால் ஒருமுறை பாருங்கள். இவருடைய ஷூவின் அடிப்பகுதி பெடலோடு பூட்டிக்கொள்ளும் அமைப்புடையது. குதிகாலை வெளிப்புறமாகத் திருகினால்தான் விடுபடும். சிக்னலில் நிற்கும்போது அதை மறந்து, நின்ற நிலையிலேயே மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிடும் ஒருவரைக் கண்டால், முதலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு காலை விடுவியுங்கள். சிரிப்பை அடுத்த சிக்னல் வரை ஒத்திவைப்பது நலம்.